கதையைச் சொல்லாதீங்க, நான் இன்னும் பார்க்கலை

கடையில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன். மேல் தட்டிலிருந்து, மலையாளப் பெண்கள் உடுத்தும் செட்டுமுண்டுக் கட்டு ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தபோது இடுப்பில் சொருகியிருந்த போன் அதிர்ந்தது. ட்ரெய்லர் வந்துவிட்டது.

கீழே ஒரு அம்மா, மகளுக்கும் மருமகளுக்கும் ஒரே கரை வேண்டும், ஆனால் ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்று அரைமணி நேரமாக எனக்குப் புரியவைத்துக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு ஏணியின் உச்சிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கடல். மழை. துறைமுகத்தில் ஒரு பெரிய கப்பல். அதன் முன்னால் எங்கள் ஆள், முதுகை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கிறார். முகத்தைத் திருப்புகிறார், திருப்புகிறார், இதோ திருப்பிவிட்டார் என்னும்போது பொசுக்கென்று இருட்டு. அவ்வளவுதான் ட்ரெய்லர்.

"இத்தா, ஒத்தைக்குப் பாக்காதீங்க, இறங்கி வாங்க" என்று ஷீபா ஏணியைப் பிடித்து ஆட்டினாள். ஷீபா எங்கள் கடையில் வேலை செய்பவள். மலையாளத்துப் பெண், தமிழ் எங்கள் கடைக்கு வந்து கற்றுக்கொண்டது. பாலக்காட்டுப் பக்கத்துக் கொல்லங்கோட்டில் என்னை எல்லோரும் 'இத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே முஸ்லிம் வீட்டு அக்காவுக்கு அதுதான் பெயர்.

இறங்கினேன். இரண்டாம் முறை ஷீபாவுக்காகப் போட்டேன். மூன்றாம் முறை, மருமகளுக்குக் கரை தேடிய அம்மாவே "மோளே, ஒருக்கா கூடி வெய்யு" என்றார். அப்புறம் அவர் எந்தக் கரை வாங்கினார் என்பது எனக்கு ஞாபகம் இல்லை.

பெயர் சொல்ல மாட்டேன்

எங்கள் ஆள் யார் என்று கேட்டு எழுதாதீர்கள். பெயரைச் சொன்னால் இந்தத் தொடரைப் படிப்பவர்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள், மீதிப் பாதிப் பேர் என்னைத் தங்கை என்று கொண்டாடுவீர்கள். இரண்டுமே எனக்குத் தாங்காது. படத்துக்கும் பெயர் வேண்டாம். எங்கள் கடையில் அதைக் 'கப்பல் படம்' என்றுதான் சொன்னோம்.

நடந்தது சில வருஷங்களுக்கு முன்னால். ரொம்பப் பழையது என்று நினைத்துவிடாதீர்கள். போனிலேயே டிக்கெட் போடுகிற காலம்தான்.

மாசிப் பனி ஓய்ந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சூடு ஏற ஆரம்பித்தால் எனக்கு ஒரு பரபரப்பு வந்துவிடும். முதலமடையிலிருந்து மாங்காய் லாரிகள் எங்கள் கடை வாசலைத் தாண்டிப் போகும். தெருவே மாங்காய்ப் பால் வாசனை அடிக்கும். மற்றவர்களுக்கு அது மாங்காய்ப் பருவம். எனக்கு அந்த வாசனை வந்தால், பெரிய படங்கள் வருகிற காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். எந்தப் படம் எந்த வெள்ளிக்கிழமை, எது தள்ளிப் போகிறது, எதற்கு எது போட்டி என்று என் வாயில் வந்துகொண்டே இருக்கும். வீட்டுக்காரர் சாகுல் காதை மூடிக்கொண்டு கணக்குப் பார்ப்பார். அவருக்கு சினிமா தியேட்டர் என்பது குளிர்ச்சியான ஒரு படுக்கையறை. விளக்கை அணைத்ததும் தூங்கிவிடுவார்.

ஜீப்பில் ஏறி வந்த கதைகள்

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்த இடம் இந்த வெயில் ஊர் இல்லை. நான் பிறந்து வளர்ந்தது இடுக்கியில், பூப்பாறைக்குப் பக்கத்தில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே. அங்கே சினிமா கிடையாது. சினிமா என்றால் போடிமெட்டு வழியாக மலை இறங்கி போடிக்குப் போக வேண்டும்.

பனியில் போஸ்டர் ஒட்டாது. காலையில் டீக்கடைச் சுவரில் எங்கள் ஆளை நிமிர்த்தி ஒட்டிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் பார்த்தால் பசை ஊறி, இடுப்போடு மடங்கி, தரையைக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்.

என் அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அந்த வழியில் ஜீப் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆட்களை போடிக்கு இறக்கிவிட்டு, படம் முடிந்ததும் ஏற்றிக்கொண்டு வருவார். அத்தனை வளைவு ஏறி வருவதற்குள் ஜீப்பில் இருப்பவர்கள் படத்தை முழுக்கச் சொல்லிவிடுவார்கள். அத்தா படத்தைப் பார்க்காமலே படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, சண்டைக்குச் சத்தம் எல்லாம் கொடுத்துச் சொல்வார்.

"விடுங்க, பாவம், புள்ள நாளப்பின்ன பாக்கும்ல?" என்று அம்மா தடுப்பார்.

"பாக்கட்டுமே. நான் என்ன முடிவையா சொல்லப்போறேன்?" என்று அத்தா கேட்பார். கேட்டுவிட்டு முடிவையும் சொல்வார்.

நான் பார்ப்பது கோடை விடுமுறையில், போடியில் சின்னம்மா வீட்டுக்குப் போகும்போது. அதற்குள் எந்தப் படத்திலும் எனக்குத் தெரியாதது எதுவும் மிச்சம் இருக்காது. ஒரு படத்தில் எங்கள் ஆளின் அம்மா இறந்துபோகிற காட்சி. தியேட்டரே மூக்கைச் சிந்தியது. நான் அந்த அழுகையை இரண்டு மாதம் முன்பே வீட்டில் கஞ்சி குடிக்கும்போது அழுது முடித்திருந்தேன். அதனால் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா என் தொடையைக் கிள்ளி, "பெத்தவ செத்துக் கெடக்கா, ஒனக்கு முறுக்கு கேக்குதாடி கல்நெஞ்சுக்காரி" என்றார்.

கல்யாணமாகி கொல்லங்கோட்டுக்கு வந்தபோது நினைத்தேன், இனிமேல் தியேட்டர் நடந்து போகிற தூரம், எல்லாம் முதல் நாளே பார்த்துவிடலாம் என்று. நான் வாக்கப்பட்டது துணிக்கடைக்கு. பெரிய படம் எல்லாம் பண்டிகைக்குத்தான் வரும். பண்டிகை வந்தால் துணிக்கடைக்காரிக்குத் தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது. நான் ரவிக்கைத் துணி கிழித்துக்கொண்டிருக்கும்போது, படம் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வருகிறவர்கள் கல்லாவுக்கு முன்னால் நின்று கதையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். மலையில் அத்தா ஒருவர் சொன்னார், இங்கே ஊரே சொன்னது.

ஆக, எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. யாரும் கதை சொல்வதற்கு முன்னால் எங்கள் ஆள் படம் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை.

விடியற்காலைக் காட்சி

அதற்கு ஒரே வழி விடியற்காலைக் காட்சி. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் முதல் காட்சியே ஒன்பது மணிக்குத்தான். எங்கள் பக்கம் விடிவதற்கு முன்பே படம் ஓடும். அதனால் பெரிய படம் வருகிற அன்று ஆனைமலை, பொள்ளாச்சிப் பையன்கள் இருட்டோடு பைக்கில் கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி இங்கே வந்துவிடுவார்கள். பார்த்துவிட்டு ஓட்டமாகத் திரும்பிப் போய், அவர்கள் ஊரில் கியூவில் நிற்பவனிடம் கதையைச் சொல்லிக் கடுப்பேற்றுவார்கள்.

விடியற்காலைக் காட்சி எட்டரைக்கு முடியும். கடையைத் திறக்க நேரம் சரியாக இருக்கும். ஆனால் அந்தக் காட்சிக்குப் பெண்கள் போய் நான் பார்த்ததில்லை. செண்டை, வெடி, விசில் என்று அது பையன்களின் கோட்டை. அந்த வருஷம் கப்பல் படத்துக்கு நான் போவதென்று முடிவு கட்டிவிட்டேன்.

ஒருநாள் மத்தியானம் சாகுல் கல்லாவில் உட்கார்ந்தபடி போனை என் பக்கம் நீட்டினார். முகத்தில் ஒரு பெருமை. கப்பல் படம், விடியற்காலைக் காட்சி, இரண்டு டிக்கெட்.

"நீயி ஏணி மேல இருந்தீல்ல, அப்பத்தான் போட்டேன். ரெண்டு பேரும் போலாம். கடையும் அன்னிக்கு லீவுதானே" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூங்குவதற்காகக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியிருக்கிறாரே இந்த மனுஷன் என்று நெகிழ்ந்துபோனேன். அப்புறம் 'கடை லீவு' என்ற வார்த்தை உறைத்தது. தேதியைப் பார்த்தேன்.

"ஆத்தாடி! என்னங்க இது, விஷுவுக்குப் போட்டிருக்கீங்க?"

"விஷுப் படம்தானே? அதான் விஷுவுக்குப் போட்டேன்."

"படம் சித்திரை ஒண்ணுக்கே வருதுங்க! விஷு மறுநாளு!"

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தமிழ்நாட்டில் சித்திரை பிறக்கிற நாளும் இங்கே விஷுவும் பல வருஷம் ஒரே நாளில் வரும். சில வருஷம் விஷு ஒரு நாள் தள்ளி வரும். அந்த வருஷம் தள்ளி வந்தது. தமிழ்ப் படமாச்சே, சித்திரை ஒன்றுக்கு எல்லா இடத்திலும் வெளியாகிறது. ஆனால் கொல்லங்கோட்டில் ஷீபா முதல் மீன்காரர் வரை எல்லோரும் அதை 'விஷுப் படம்' என்றார்கள். துணிக்கடைக்காரருக்கோ விஷுவைத் தவிர வேறு தேதி மண்டையில் ஏறாது.

அதாவது என் கையில் இருந்தது இரண்டாம் நாள் டிக்கெட். முதல் நாள், விஷுவுக்கு முந்தின நாள். கோடித் துணி வாங்க ஊரே எங்கள் கடையில்தான் நிற்கும். காலையிலிருந்து கடை சாத்தும் வரை ஒவ்வொரு வாயும் எனக்குக் கதை சொல்லும். மறுநாள் விடியற்காலை நான் போய் உட்காரும்போது முறுக்கு தின்பதைத் தவிர எனக்கு வேலை இருக்காது.

முதல் நாள் விடியற்காலைக்கு போனைத் தட்டிப் பார்த்தேன். ஒரு சீட் இல்லை. அன்று ராத்திரி ரசத்தில் உப்புப் போடவில்லை. சாகுல் உப்பில்லாமலே சாப்பிட்டார். "அன்னிக்கு வேணா காதுல பஞ்சு வெச்சுக்கோ புள்ள" என்று மட்டும் கடைசியில் சொன்னார். அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது.

செந்திலின் கனி

செந்தில் ஆனைமலைப் பக்கத்துத் தேங்காய் வியாபாரி. எங்கள் ஆளுக்கு அவரும் என்னைப் போலவே பைத்தியம். இந்தப் பக்கம் லோடு இறக்க வரும்போதெல்லாம் கடையில் எட்டிப் பார்த்து, எங்கள் ஆள் அடுத்து யார் படத்தில் நடிக்கிறார் என்று என்னோடு விவாதிப்பார். சித்திரைக்கு வேட்டி எடுக்க வந்தவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஏனுங்க்கா, நான் ஒரு கூத்துப் பண்ணிப்போட்டனுங்க" என்றார். "கப்பல் படத்துக்கு மொத நாளு விடியக்கால டிக்கெட் போட்டுட்டனுங்க. அன்னிக்குச் சித்திரை ஒண்ணுங்கறதே மறந்துபோச்சு. எங்கூட்டுல விடியக்காலைல எந்திரிச்சுக் கனி பாக்கோணுமுங்க. மாம்பழம், கண்ணாடி எல்லாம் வெச்சு, எல்லாரும் கூடத்தான் பாக்கோணும். நான் இங்க வந்து உக்காந்துட்டா எங்கூட்டுக்காரி அப்பறம் என்னைய ஊட்டுக்குள்ளயே உடமாட்டாளுங்க."

நான் அளவுகோலைக் கீழே போட்டுவிட்டேன்.

"மறுநாளு உங்களுக்கு வேல இருக்கா செந்திலு?"

"மறுநாளு என்னங்க வேல? சும்மாதானுங்க."

"எங்க கையில விஷு அன்னைக்கு விடியக்கால டிக்கெட் ரெண்டு இருக்கு. ஒண்ணு தாரேன். ஒங்களுத எனக்குக் குடுத்துருங்க."

செந்தில் என்னைப் பார்த்தார், சாகுலைப் பார்த்தார். "அக்கா, அது பசங்க கூட்டமுங்க. ஒத்தையிலயா போறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாகுல் சொன்னார். "அவ போவா. நீங்க டிக்கெட்ட அனுப்புங்க." எட்டு முழ வேட்டியை மடிப்பது போல அத்தனை நிதானமாகச் சொன்னார். அந்த நிமிஷம் அவரை எனக்கு எங்கள் ஆளைவிடப் பிடித்தது. இதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை, பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

கப்பல்

சித்திரை ஒன்று, கிழக்கு வெளுக்கவில்லை. சாகுல் ஸ்கூட்டரில் கொண்டுபோய் தியேட்டர் வாசலில் இறக்கினார். வாசலில் செண்டைக்காரர்கள் தோளில் வாரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆளுக்கு கூரை உயரத்துக்கு ஒரு கட்அவுட். கழுத்தில் கொன்னைப்பூ மாலை. கீழே ஊதா நிறச் சட்டையில் பையன்கள், பையன்கள், பையன்கள்.

"பயமா இருந்தாப் போன் அடி" என்றார் சாகுல்.

அப்போதுதான் கவனித்தேன். அந்த ஊதாச் சட்டை அத்தனையும் எங்கள் கடையில் எடுத்தது. ஒவ்வொருவனுக்கும் தோளளவு பார்த்துக் கொடுத்தவள் நான். ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு, "டேய், இத்தா வந்தாச்சு, வழி விடுங்கடா!" என்று கத்தினான். கூட்டம் இரண்டாகப் பிரிந்து எனக்கு வழி விட்டது. செண்டை முழங்கியது எனக்காக இல்லைதான். ஆனாலும் நான் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

விளக்கு அணைந்தது. திரையில் எங்கள் ஆள் பெயர் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவேன்? காகிதம் மழையாகக் கொட்டியது. சீட்டின் மேல் ஏறி நின்று ஆடினார்கள். நானும் எழுந்து நின்றேன். அவர் முகத்தைத் திருப்பினார். முழு முகம். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, அந்த முகம் அடுத்து என்ன செய்யப்போகிறது என்று எனக்குத் தெரியாது. தொண்டை கிழியக் கத்தினேன். அழுதேன். பக்கத்துப் பையன் தோளை அடி அடியென்று அடித்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பட்டதில்லை.

ஆனால் ஒன்று. படம் முழுக்க ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை.

அவர் வாயைத் திறந்தால் விசில். வில்லன் வாயைத் திறந்தால் கூச்சல். மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் அவர் பின்னால் துறைமுகம் முழுக்க ஓடினாள், அழுதாள், ஏதோ கேட்டாள், அவர் ஏதோ சொன்னார், ஆயிரம் பேர் கத்தினார்கள். கடைசியில் கப்பல் எரிந்தது. ஏன் எரிந்தது என்று எனக்குத் தெரியாது.

கல்லாவுக்கு முன்னால்

வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. தலைமுக்காட்டில் ஒட்டிய காகிதத் துண்டுகளோடு நேராகக் கடைக்குப் போனேன். சாகுல் கடையைத் திறந்து வைத்திருந்தார். கோடி வாங்க வந்த பெண்கள் வாசல் வரை நின்றார்கள்.

"இத்தா படம் பாத்துட்டு வந்தாச்சு!" என்றாள் ஷீபா.

கரை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். "கதையச் சொல்லுங்க இத்தா!" என்று ஒரே சத்தம்.

இத்தனை வருஷமாக எனக்குச் சொன்ன ஊர் அது. இப்போது என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்ல மனசு வருமா? ஒரு செட்டுமுண்டை விரித்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"ஒரு அண்ணன், ஒரு தங்கச்சி" என்றேன். "மஞ்சச் சேல கட்டிக்கிட்டு ஓடி வருதே, அதான் தங்கச்சி. சின்னதுல திருவிழாவுல தொலஞ்சு போச்சு. இவரு கப்பல் கப்பலா ஏறித் தேடுறாரு. அவ எதுக்கவே நிக்கிறா, இவருக்குத் தெரியல..."

யாரும் அசையவில்லை. கப்பலை ஏன் கொளுத்தினார் என்ற இடத்தில் நானே மூக்கைச் சிந்தினேன். ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டு, ஒன்றுக்கு இரண்டாக செட்டுமுண்டு எடுத்துக்கொண்டு போனார். சாகுல்கூட பில் போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று கடை சாத்துவதற்குள் அந்தக் கதையை எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை. சொல்லச் சொல்ல தங்கச்சிக்கு ஒரு குழந்தையும் வந்து சேர்ந்துவிட்டது.

மறுநாள் விஷு. விடியற்காலை சாகுல் தன் டிக்கெட்டை என்னிடம் நீட்டி, "இன்னொருக்காப் பாரு புள்ள" என்றார்.

எனக்கு வாயில் எச்சில் ஊறியது. ஆனால் ஊருக்கே கதை சொன்னவள், கதை தெரிந்துகொள்ளப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? "நான்தான் பாத்துட்டேனே, நீங்க போங்க. செந்திலு ஒத்தையில உக்காந்திருப்பாருல்ல" என்று கெத்தாக அனுப்பிவைத்தேன். அனுப்பிவிட்டு, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன்.

ஒன்பது மணிக்கு வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டினார். விசிறியைப் போட்டார். அவர் கண் சிவந்திருந்தது, தூங்கியவர் கண் மாதிரி இல்லை.

"எப்படி?" என்றேன், ரொம்பச் சாதாரணமாக.

"நல்லாத்தான் இருந்துச்சு. இன்னிக்கு அவ்வளவு சத்தமில்ல, எல்லாம் கேட்டுச்சு. நான் தூங்கவே இல்ல."

"தூங்கலையா? நீங்களா?"

"அந்தத் தங்கச்சி எப்ப வருவா, எப்ப வருவான்னு கடைசி வரைக்கும் முழிச்சிருந்தேன்" என்றார். "அந்த மஞ்சச் சேல போலீசு புள்ள. அவனப் புடிக்க வந்தவ. படத்துல தங்கச்சின்னு ஒருத்தியே இல்ல."

நான் சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டேன்.

"நான் பாத்த படத்துல இருந்தா" என்றேன்.